கயிற்றுக்காரனின் தோள்

இருபத்தெட்டு வருடங்களில் நான் சுட்ட தோட்டாக்களைச் சாக்கில் கட்டினால் ஒரு லாரி கொள்ளாது. அதில் ஒன்றுகூட என் தோளைத் தொட்டதில்லை.

புனேயில் தோட்டா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. செய்த தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தேறியதா இல்லையா என்று சொல்லும் பிரிவு. கல்யாணப் பந்தியில் இதைச் சொன்னால் பக்கத்து இலைக்காரர் சாம்பாரை மறந்து என்னைத் திரும்பிப் பார்ப்பார். நடப்பது என்னவோ வேறு. தரையில் ஊன்றிய சிமெண்டுத் திண்டின்மேல் ஒரு துப்பாக்கிக் குழலை போல்ட் போட்டு முடுக்கி வைத்திருப்போம். தோட்டாவை உள்ளே போட்டு மூடிவிட்டு, சுவருக்குப் பின்னால் போய், குரல் கொடுத்துவிட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். டமால். அப்புறம் காகிதத்தில் விழுந்த ஓட்டைகளை அளந்து நோட்டில் எழுத வேண்டும். உதையை எல்லாம் சிமெண்டு வாங்கிக்கொள்ளும். நாங்கள் டீ வாங்கிக் குடிப்போம்.

என் மனைவியின் அண்ணன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாங்வியில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி அவர் வீடு. எனக்கு ‘கயித்துக்கார மாப்ள’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். விசேஷ வீடுகளில் புதிதாக யாராவது வந்தால் விடமாட்டார்.

“நம்ம மாப்ள இன்னா வேலை தெரியுமா? துப்பாக்கியக் கயித்துல கட்டி மேய்க்கிறவரு. சாயங்காலமானா ஓட்டியாந்து கொட்டாயில கட்டிருவாரு.”

எல்லோரும் சிரிப்பார்கள். மச்சான் கிண்டல் செய்யாமல் வேறு யார் செய்வது என்று நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே எரியும். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. என் தோளில் கட்டையை வைத்து, என் கண்ணால் குறி பார்த்து, என் விரலால் விசையை அழுத்தி, இது நான் சுட்டது என்று சொல்லிக்கொள்ள ஒரு குண்டு. பத்துப் பேர் பார்க்க, முக்கியமாக மச்சான் பார்க்க.

அதற்கு ஒரு வழி இருந்தது. ஊருக்கு வெளியே முள்ஷி பக்கத்து மலையடிவாரத்தில் எங்கள் துப்பாக்கி கிளப்பின் சுடுகளம் இருக்கிறது. அந்தப் பக்கத்து விவசாயிகளின் வயலைக் காட்டுப்பன்றி உழுது போட்டுவிட்டால், அவர்கள் வனத்துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவார்கள். அனுமதி வந்தால் பன்றியைச் சுட, கிளப்பின் பட்டியலில் இருக்கும் ஆளைக் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டியலில் ஏற வருடத்துக்கு ஒரு பரீட்சை. அட்டையில் வெட்டிய பன்றி, அதன் முன்னங்காலுக்கு மேலே டிபன் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். நூறு மீட்டர் தூரம். தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து குண்டு. ஐந்தும் வட்டத்துக்குள் விழ வேண்டும். நான்கு விழுந்தால் போய்விட்டு அடுத்த வருடம் வர வேண்டும், ஏனென்றால் அரைகுறையாக அடிபட்ட பன்றி கரும்புக் காட்டுக்குள் போய் எங்கேயோ கிடந்து சாகும். அந்தப் பாவத்தை கிளப் சுமக்காது. அறுபது வயது ஆகிவிட்டவர்களைப் புதிதாகச் சேர்க்கவும் மாட்டார்கள். மச்சான் ஐம்பத்தைந்திலேயே ஏறிவிட்டார். நான் உரிமம் வாங்கி, முப்பது நாட் ஆறு ரக வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்கி முடித்தபோது எனக்கு ஐம்பத்தெட்டு. ஆக எனக்கு இரண்டே பரீட்சை.

துப்பாக்கி வந்ததும் எந்தத் தோட்டா என்ற கேள்வி. ஒரே துப்பாக்கிக்குக் கனமான குண்டு வைத்த தோட்டாவும் உண்டு, லேசான குண்டு வைத்ததும் உண்டு. மற்றவர்கள் யாரையாவது கேட்பார்கள். நான் ஏன் கேட்க வேண்டும்? என்னிடம் நோட்டு இருக்கிறதே. இரண்டு வகையையும் நான் எத்தனையோ முறை சுட்டு அளந்தவன். கனமான குண்டுதான் எப்போதும் நெருக்கமாக விழும், சிதறாது. லேசானது ஒரு விரல் அகலம் கூடுதலாகப் பரவும். கணக்கு கண்ணாடி போல இருந்தது. கனமானதையே வாங்கினேன். மச்சான்கூட முதுகில் தட்டி, “இது ஆம்பளத் தோட்டா மாப்ள” என்றார். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பூரித்துப் போனேன்.

முதல் குண்டு என் தோளில் இறங்கியபோதுதான், அந்த சிமெண்டுத் திண்டு இத்தனை வருடமும் என்ன வாங்கியது என்று எனக்குத் தெரிந்தது. தோளுக்குள் யாரோ கதவை ஓங்கிச் சாத்தியது போல இருந்தது. பல் கடகடத்தது. தொப்பி முன்னால் வந்து மூக்கில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால், “பரவால்லியே” என்றேன்.

முதல் பரீட்சையில் இரண்டு குண்டு வட்டத்துக்குள் விழுந்தன. ஒன்று அட்டைப்பன்றியின் பின்பக்கத்தில் விழுந்தது. மற்ற இரண்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை, மண்மேட்டுக்குப் போய்விட்டன.

மச்சான் தொலைநோக்கியை இறக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “அந்தப் பன்னிக்கு மூலம் வந்திருக்கும் மாப்ள. மத்தபடி நல்லா கீது.”

ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். நான் குறிபார்க்கும் கண்ணாடியைச் சொன்னேன். காற்றைச் சொன்னேன். திருகு தளர்ந்திருக்கிறது என்றேன். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுகூடச் சொன்னேன். அடுத்த ஒரு வருடம் ஞாயிறு தவறாமல் போய்ப் பழகினேன். ஒரு வருடத்துக்கு இத்தனைதான் வாங்கலாம் என்று உரிமத்தில் எழுதியிருப்பதால், ஒவ்வொரு தோட்டாவையும் பார்த்துப் பார்த்துச் செலவழித்தேன். பழகப் பழக மோசமாகச் சுட்டேன். எந்தத் தொழிலிலும் இந்த அதிசயத்தை நான் கண்டதில்லை.

தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. கிளப்பில் அது ஒரு பதக்கம். டீக்குடிக்கும் இடத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். யாருடையது பெரிது என்று பேச்சு போகும். என் மனைவிக்கு இந்தப் பதக்கத்தில் மரியாதை இல்லை. அவள் அரசு மருந்தகத்தில் நர்ஸ். முப்பது வருடமாகக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஊசி போடுகிறவள். களிம்பு டியூபை எடுத்துத் தடவுவாள். மாதம் ஒரு டியூப் எனக்கு, ஒரு டியூப் அவள் அண்ணனுக்கு. அவருக்கு முட்டி வலி என்று சொல்லி அண்ணி வந்து வாங்கிப் போவார்.

இரண்டாவது பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, “நானும் வர்றேன், இன்னா பண்றீங்கன்னு பாக்கறேன்” என்று அவளே கிளம்பினாள். ஞாயிறு காலை, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து. நான் நான்கு குண்டு சுட்டேன். அவள் அட்டைப்பன்றியைப் பார்க்கவே இல்லை. என் பக்கத்தில், சுடுபவர் கோட்டுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ண மூடறீங்க” என்றாள்.

“சத்தத்துக்கு எல்லாரும் மூடுவாங்க.”

“சத்தத்துக்கு முன்னாடியே மூடறீங்க. பல்லக் கடிக்கறீங்க, தோள முன்னாடி தள்றீங்க. ஊசி எடுத்துனு வந்தாலே கைய முறுக்கிக்குவானுங்க பாருங்க, ஆறடி ஆளுங்க, அதே மாரி. அவங்களுக்குதான் வலி ஜாஸ்தி. ஊசி ஒடஞ்சாலும் அவங்களாலதான் ஒடையும்.”

“நான் பயப்படறேன்னு சொல்றியா?”

“நான் சொல்லல. உங்க தோள் சொல்லுது.”

மச்சான் பின்னால் நின்று இதை எல்லாம் கேட்டு அனுபவித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கயிறு இழுத்தவனாகவே இருக்கட்டும், இத்தனை வருடம் வெடிச் சத்தத்தில் வாழ்ந்தவனைப் பார்த்து பயம் என்றால்? சுடுகளப் பொறுப்பாளரிடம் போனேன். அவர் மராட்டியர், ஓய்வு பெற்ற சுபேதார், அதிகம் பேசமாட்டார். நான் பயப்படுகிறேனாம், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். கேட்டார், என் மனைவியை ஒருமுறை பார்த்தார், சிரிக்கவில்லை. “ரைஃபிள் இகடே த்யா” என்று கைநீட்டித் துப்பாக்கியை வாங்கினார். என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லி, அவரே தோட்டாவைப் போட்டு மூடி, என் கையில் கொடுத்தார்.

சுட்டேன். உதைத்தது. மறுபடி வாங்கினார், போட்டார், கொடுத்தார். குறி பார்த்தேன், மூச்சைப் பாதி விட்டேன், விசையை அழுத்தினேன்.

‘டிக்’ என்றது. அவ்வளவுதான். உள்ளே அவர் போட்டது சுட்டு முடித்த வெறும் கூடு. ஆனால் துப்பாக்கி சும்மா இருக்கவில்லை. வெடிக்காத தோட்டாவுக்கு என் குழல்முனை ஒரு சாண் கீழே இறங்கி, தரையைப் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டது. கண்ணைத் திறந்தபோதுதான் மூடியிருந்ததே எனக்குத் தெரிந்தது.

மச்சான் சிரித்த சிரிப்பு மலையில் பட்டுத் திரும்பி வந்தது. “வணக்கம் வைக்குது மாப்ள! மரியாத தெரிஞ்ச துப்பாக்கி!”

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கனமான குண்டு, லேசான குண்டு, பரவிய அளவு, என் கையெழுத்து, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு பக்கத்தில்கூடத் தப்பில்லை. மூன்றாவது முறை புரட்டும்போதுதான் சுரீர் என்றது. இந்த நோட்டில் இருப்பது சிமெண்டுத் திண்டு சுட்ட கணக்கு. திண்டுக்குக் கண் இல்லை, பல் இல்லை, அடுத்த உதைக்குக் காத்திருக்கும் தோள் இல்லை. சிமெண்டுக்குப் பொருத்தமான தோட்டாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை ஐம்பத்தொன்பது வயது மனிதனின் தோளில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். லேசான குண்டு ஒரு விரல் பரவும் என்று ஒதுக்கினேன். கனமான குண்டின் உதைக்கு பயந்து நான் இழுத்த இழுப்பில் குறி ஒரு முழம் போய்க்கொண்டிருந்தது. விரலை மிச்சம் பிடிக்கப் போய் முழத்தை விட்டவன் நான்.

உலகத்தில் வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. இதற்கு என் பிரிவில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை புனே கேம்ப் வட்டாரத்துத் துப்பாக்கிக் கடை ஒன்றில் லேசான குண்டு வைத்த பெட்டி ஒன்று வாங்கினேன். பழைய வெளிநாட்டுச் சரக்கு, இருபது தோட்டா. எங்கள் தொழிற்சாலைப் பெட்டி இல்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், காரணம் பின்னால் வரும். குண்டு லேசானால் உதையும் குறையும். எங்கள் வீட்டு வாசலில் மச்சான் பெட்டியைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல ஆட்டினார்.

“இன்னா மாப்ள, குருவி சுடப் போறியா?”

நூறு மீட்டரில் பன்றிக்கு இது தாராளம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று முதல் தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஹாலில் திரையை இழுத்துவிட்டு, காலித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தரையில் உட்காருவேன். பட்டாளத்திலும் கிளப்பிலும் எல்லோரும் அறிந்த பழக்கம்தான்: குழல்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு விசையை அழுத்த வேண்டும், நாணயம் விழக்கூடாது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். முதல் வாரம் ஹால் முழுக்க நாணயம் உருண்டது. “ஒடம்ப லூசா வுடுங்க. குத்தறப்ப குத்தட்டும்” என்று நோயாளியிடம் சொல்வதையே என்னிடமும் சொல்வாள். மூன்றாவது வாரம் நாணயம் நின்றது. நின்றதும் அவள் கீரையை வைத்துவிட்டு, எழுந்து போய் ஒரு கேசரி கிளறினாள்.

புதுத் தோட்டா வேறு இடத்தில் விழும் என்பதால் குறிக்கண்ணாடியைத் திருத்த ஏழு தோட்டா போயிற்று. முதல் தோட்டாவிலேயே வித்தியாசம் தெரிந்தது. உதைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தெரிந்த ஆள் தோளில் தட்டுவது போலத்தான் இருந்தது. இரண்டாவதற்குத் தோள் காத்திருக்கவில்லை.

பரீட்சை நாள். மழைக்காலம் முடிந்து மலை பச்சையாக இருந்தது. காலை எட்டு மணி. எனக்கு முன்னால் மூன்று பேர் சுட்டு, ஒருவர் மட்டும் தேறினார். என் முறை வந்ததும் உட்கார்ந்தேன். முழங்காலில் முழங்கை. பின்னால் கையில் கடிகாரத்தோடு சுபேதார், தொலைநோக்கியோடு மச்சான், கைப்பையோடு மனைவி. இந்த வருடம் விட்டால் எனக்கு அடுத்த வருடம் கிடையாது. மறுபடி கயிறுதான், அதுவும் ஓய்வு பெறும்வரைதான்.

முதல் குண்டு வட்டத்துக்குள். இரண்டாவதும் உள்ளே. மூன்றாவது கொஞ்சம் ஓரத்தில், ஆனால் உள்ளே. மச்சான் தொலைநோக்கியை இறக்கவே இல்லை. நாலாவதைப் போட்டேன். மூச்சு பாதி. விசை.

‘டிக்.’

இந்தத் தடவை யாரும் வெறும் கூட்டைப் போடவில்லை. நானே போட்ட நல்ல தோட்டா, வெடிக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் கெட்ட தோட்டாவைத் தேடித் தேடிப் பிடித்தவனைத் தேடி, இன்றைக்குப் பார்த்து ஒரு கெட்ட தோட்டா வந்திருக்கிறது. கை தானாகத் துப்பாக்கியின் பின்மூடியான போல்ட்டைத் திறக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். வெடிக்காத தோட்டா சில சமயம் தாமதித்து வெடிக்கும். அப்போது போல்ட் திறந்திருந்தால் முகம் போய்விடும். எங்கள் பிரிவில் ஒரு முழு நிமிடம் காத்திருப்போம். அவசரம் என்று யாராவது கத்தினாலும் காத்திருப்போம். குழலை அட்டைப்பன்றியை நோக்கியே பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கடிகாரம் ஓடியது. பின்னால் யாரோ “அரே, டைம் ஜா ரஹா ஹை” என்று முணுமுணுத்தார், நேரம் போகிறதாம். பதினெட்டு. முப்பது. வியர்வை புருவத்திலிருந்து இறங்கிக் கண்ணில் விழுந்தது. நாற்பத்தைந்து. அறுபது வரை எண்ணி முடித்து, போல்ட்டைத் திறந்து, அந்தத் தோட்டாவை எடுத்துத் தனியாக ஓரமாக வைத்தேன். இன்னொன்றைப் போட்டேன்.

நாலாவது உள்ளே. ஐந்தாவதுக்கு அவசரப்படவில்லை. அழுத்தினேன், தோளில் அந்தத் தெரிந்த தட்டு விழுந்தது, கண் திறந்தபடியே இருந்தது, அட்டை நடுங்குவதை நானே பார்த்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக என் குண்டு போய் விழுவதை நான் பார்த்தேன்.

சுபேதார் கடிகாரத்தை நிறுத்தினார். நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் அட்டையைப் பார்க்கப் போகவில்லை. குனிந்து, நான் ஓரமாக வைத்த கெட்ட தோட்டாவைக் கையில் எடுத்தார். அதன் பின்பக்கத்தில் துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் தெளிவாக இருந்தது.

“இது டிக் என்றபோது குழல் எவ்வளவு அசைந்தது, பார்த்தீர்களா?” என்று ஹிந்தியில் எல்லோரையும் கேட்டார்.

அவரே சொன்னார்: “ஈ உட்காரலாம் அதன்மேல். அப்படி நின்றது.” பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கி, “ஜம்லா!” என்றார். மராட்டியில் சாதித்துவிட்டாய் என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வர ஆட்கள் வருடக் கணக்கில் காத்திருப்பதுண்டு.

அட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். ஐந்து ஓட்டை, டிபன் தட்டுக்குள். நோட்டில் எழுதுவதற்காக எத்தனையோ ஆயிரம் ஓட்டைகளை விரலால் தடவியிருக்கிறேன். இந்த ஐந்தைத் தடவியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தது, அழுதேன். மனைவி முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, “வலிச்சுதா?” என்று கேட்டாள். “இல்ல” என்றேன். பொய் இல்லாமல் சொன்னேன்.

பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது மச்சான் என் ஸ்கூட்டர் அருகே தனியாக நின்றுகொண்டிருந்தார். கிண்டல் ஒன்று வரும் என்று தயாரானேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வலது தோளைக் கையால் மெல்லத் தேய்த்துக்கொண்டார். களிம்பு வாசனை அடித்தது. முட்டியில் தடவும் களிம்பு தோளில் எப்படி ஏறியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“மாப்ள,” என்றார் தணிந்த குரலில், “அந்த லேசு தோட்டா, கடையில இன்னும் ஒரு பொட்டி இருக்குமா?”

எத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிதானமாக ஸ்கூட்டரில் ஏறி, மனைவி வந்து பின்னால் உட்கார்ந்ததும் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினேன். வாரைக் கட்டினேன்.

“இன்னாத்துக்கு மச்சான்,” என்றேன், “குருவி சுடவா?”

பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரித்த சிரிப்பு மலையில் பட்டுத் திரும்பி வந்தது.